முக்கோணமும் கிப்லாவும்: ஆதாரம் கேட்ட ஓர் அறிவின் வரலாறு



உங்கள் வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் அருகருகே வரையப்பட்டிருக்கும். அவற்றின் கீழே 'தரவு', 'நிரூபிக்க', 'நிரூபணம்' என்று வரிசையாக எழுதி, இறுதியில் 'ஆகவே இவ்விரு முக்கோணங்களும் சர்வசமம்' என்று முடித்திருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ப-கோ-ப' என்றோ 'கோ-ப-கோ' என்றோ ஒரு குறிப்பு இருக்கும். பிள்ளையிடம் கேட்டால், 'பரீட்சைக்கு வரும், மனப்பாடம் செய்துவிட்டேன்' என்று பதில் வரும். சற்றுத் துடிப்பான பிள்ளையாக இருந்தால், 'படத்தைப் பார்த்தாலே இரண்டும் ஒன்றுதான் என்று தெரிகிறதே, பிறகு எதற்கு நிரூபணம்?' என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

இந்தக் கேள்விக்குப் பெற்றோரில் பலரிடமும் பதில் இல்லை. ஆனால் இதற்குப் பதில் தேடிப் புறப்பட்ட மனிதர்களின் வரலாறு 2,300 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அலெக்சாந்திரியாவில் தொடங்கி, பக்தாதில் தழைத்து, ஜெய்ப்பூருக்கும் லக்னோவுக்கும் வந்து, நமது வட ஆற்காட்டு மண்ணையும் தொட்டுச் சென்ற வரலாறு அது. நாம் தினமும் ஐந்து வேளை முன்னோக்கும் திசையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சர்வசமம் என்றால் என்ன?

ஒரு முக்கோணத்திற்கு மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களும் உண்டு. ஆக மொத்தம் ஆறு அளவுகள். ஒன்றை எடுத்து மற்றொன்றின் மீது வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்தும் இரு முக்கோணங்களைச் சர்வசம முக்கோணங்கள் என்கிறோம். அப்போது ஆறு அளவுகளும் சமமாக இருக்கும்.

ஆறையும் அளந்து பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா? தேவையில்லை. சரியான மூன்று அளவுகள் சமம் என்று தெரிந்தால் போதும், மீதி மூன்றும் தாமாகவே சமமாகிவிடும். மூன்று பக்கங்கள் சமமானால் போதும், இது ப-ப-ப. இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமானால் போதும், இது ப-கோ-ப. இரண்டு கோணங்களும் அவற்றை இணைக்கும் பக்கமும் சமமானால் போதும், இது கோ-ப-கோ. செங்கோண முக்கோணங்களாயின் கர்ணமும் மற்றொரு பக்கமும் சமமானால் போதும், இது செ-க-ப.

இங்கே 'சரியான மூன்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதாவது மூன்று என்றால் போதாது. மூன்று கோணங்கள் மட்டும் சமமானால் உருவம் ஒத்திருக்கும், அளவு ஒத்திருக்காது. தபால்தலை அளவிலும் தெருவளவிலும் ஒரே வடிவ முக்கோணங்களை வரையலாம் அல்லவா? இதைவிடத் தந்திரமானது மற்றொன்று. இரண்டு பக்கங்களும், அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் சமம் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு வரையுங்கள். அதன் ஒரு முனையில் 30 பாகைக் கோணத்தில் ஒரு கதிரை இழுத்துவிடுங்கள். மறு முனையில் கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் போடுங்கள். அந்த வில் கதிரை ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் வெட்டும்! ஒரே தரவுக்கு இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள் கிடைத்துவிட்டன.

'பார்த்தாலே தெரிகிறதே' என்ற பிள்ளைக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. மூன்று அளவுகள் ஒத்திருந்தும், பொருள் ஒன்றாக இல்லாமல் போகலாம். எந்தச் சான்று போதும், எந்தச் சான்று போதாது என்று பிரித்தறிவதே இந்தப் பாடத்தின் உயிர்.

கடலில் நின்ற கப்பல்

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரில் வாழ்ந்த தேல்ஸ் என்ற கிரேக்க அறிஞர், கரையில் இருந்தபடியே கடலில் உள்ள கப்பலின் தொலைவைக் கணக்கிட்டார் என்றும், அதற்கு அவர் கோ-ப-கோ விதியை அறிந்திருக்க வேண்டும் என்றும் பழைய வரலாற்றாசிரியர் யுடெமஸ் கூறியதாக, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த புரோக்ளஸ் பதிவு செய்துள்ளார். தேல்ஸ் கையாண்ட முறை இன்னதென்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும், அந்த விதி எப்படி உதவும் என்பதை நம் ஊரிலேயே செய்து பார்க்கலாம்.

திருவண்ணாமலையின் சமுத்திரம் ஏரிக்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் ஒரு பனைமரம். ஏரியில் இறங்காமல் அதன் தொலைவை அறிய வேண்டும். உங்கள் கரையில் இரண்டு முளைகளை அடித்து, இடைத்தூரத்தைக் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் மரத்தை நோக்கினால், கயிற்றோடு அந்தப் பார்வைக் கோடு ஒரு கோணத்தை உண்டாக்கும். அந்த இரு கோணங்களையும் அப்படியே கரையின் இப்பக்கம், தரையின் மீது திருப்பி வரையுங்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடம் வரை நாடா வைத்து அளந்துவிடுங்கள். ஏரியின் மீதுள்ள முக்கோணமும் தரையிலுள்ள முக்கோணமும் ஒரே பக்கத்தையும் சமமான இரு கோணங்களையும் கொண்டவை. எனவே அவை சர்வசமம். கால் நனையாமல் எதிர்க்கரையின் தொலைவு கைக்கு வந்துவிட்டது.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தமது 'மூலங்கள்' என்ற நூலை 13 பாகங்களாகத் தொகுத்தார். அதன் முதல் பாகத்தில் உள்ள 48 தேற்றங்களில் நான்காவது ப-கோ-ப, எட்டாவது ப-ப-ப, இருபத்தாறாவது கோ-ப-கோ. கர்ணத்தின் வர்க்கத்தைப் பற்றிய புகழ்பெற்ற பிதாகரஸ் தேற்றம் நாற்பத்தேழாவதாக வருகிறது. அதற்கு யூக்ளிட் தரும் நிரூபணமும் இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்ற நான்காம் தேற்றத்தின் மீதே நிற்கிறது. அடித்தளக் கல் ஒன்று அசைந்தால் மேல்மாடம் நிற்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பக்தாதுக்கு வந்த நூல்

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (கி.பி. 786–809) காலத்தில் இந்நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தவர் அல்-ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப் பின் மதர். (உமய்யாக்கள் காலத்தில் ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப் வேறு, இவர் வேறு. பெயர்கள் ஒத்திருக்கின்றன என்பதால் ஆள் ஒன்றாகிவிட மாட்டார்!) பின்னர் கலீஃபா மஃமூன் (கி.பி. 813–833) காலத்தில் அவரே அதைத் திருத்திச் செப்பனிட்டு இரண்டாவது பெயர்ப்பைத் தந்தார். அதே ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் பின் ஹுனைன் புதிதாகப் பெயர்க்க, ஹர்ரான் நகரத்துக் கணித மேதை தாபித் பின் குர்ரா அதைத் திருத்தினார்.

இஸ்ஹாக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தாபித் ஸாபிய்யீன் சமயத்தவர். படித்துப் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நூலின் ஆசிரியரோ இவர்கள் யாருடைய சமயத்தையும் சேராத பழங்கிரேக்கர். கல்வியைத் தேடியவர்கள் அதைக் கொண்டுவந்தவரின் குலத்தைக் கேட்கவில்லை. கூற்று சரியா, அதற்கு ஆதாரம் உண்டா என்று மட்டுமே கேட்டார்கள்.

இந்த அரபுப் பெயர்ப்புகளிலிருந்துதான் 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அடலார்டும், தொலைதோ நகரில் பணியாற்றிய கிரெமோனா ஜெரார்டும் இலத்தீனுக்குப் பெயர்த்தனர். 1482-இல் வெனிஸ் நகரில் முதன்முதலாக அச்சேறிய யூக்ளிட் நூலும் அந்த அரபு வழி வந்ததே.

நகர்த்தலாமா, கூடாதா?

அரபு அறிஞர்கள் வெறும் பெயர்ப்பாளர்கள் அல்லர், கேள்வி கேட்டவர்கள். நான்காம் தேற்றத்தை யூக்ளிட் எப்படி நிரூபிக்கிறார்? முதல் முக்கோணத்தை எடுத்து இரண்டாவதன் மீது வைக்கச் சொல்கிறார். முனையின் மீது முனையை வைத்து, பக்கத்தின் மீது பக்கத்தை வைத்தால், பக்கங்கள் சமம் என்பதால் அடுத்த முனையும் பொருந்தும். இடைக்கோணம் சமம் என்பதால் மற்றப் பக்கமும் அதே கோட்டில் விழும். அதன் முனையும் பொருந்தும். ஆகவே மூன்றாவது பக்கமும் பொருந்தியாக வேண்டும் என்பது வாதம்.

கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எடுத்து வைப்பது' என்றால் என்ன? கோடும் புள்ளியும் மனத்தில் உள்ளவை. அவற்றை நகர்த்துவதற்கு நூலின் தொடக்கத்தில் எந்த அனுமதியும் இல்லையே! நகரும்போது நீளம் மாறாது என்பதற்கு ஆதாரம் எங்கே? யூக்ளிடுக்கே இதில் தயக்கம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஏனெனில் மிகச் சில இடங்களில் மட்டுமே அவர் இவ்வழியைக் கையாள்கிறார். இருபத்தாறாம் தேற்றத்தில் எளிதாகக் கையாளக்கூடிய இடத்திலும் தவிர்த்துவிடுகிறார்.

வடிவியலில் அசைவுக்கு இடம் உண்டா என்ற இந்த விவாதம் நம் முன்னோரிடம் சூடாக நடந்தது. கண் பார்வை பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற இப்னுல் ஹைஸம், இணைகோடுகளைப் பற்றிய நிரூபணத்தில் ஒரு கோட்டை நகர்த்திக் காட்டினார். கவிஞராக மட்டும் பலர் அறிந்திருக்கும் உமர் கய்யாம், ஹிஜ்ரி 470-இல் (கி.பி. 1077) எழுதிய நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். வடிவியலுக்கும் அசைவுக்கும் என்ன தொடர்பு என்பது அவரது கேள்வி. தம் முறையில் அவர் ஒரு நாற்கரத்தை அமைத்தார்: ஓர் அடிக்கோடு, அதன் இரு முனைகளிலும் சம உயரச் செங்குத்துகள். மேலுள்ள இரு கோணங்களும் சமம் என்பதைச் சர்வசம முக்கோணங்களைக் கொண்டே காட்டினார். இத்தாலியின் சச்சேரி 1733-இல் எடுத்துக்கொண்டதும் இதே நாற்கரம்தான்.

இந்த வழக்கு எப்போது முடிந்தது தெரியுமா? 1899-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் வெளியிட்ட நூலில், ப-கோ-ப விதியின் சாரத்தைத் தேற்றமாக அல்லாமல் அடிக்கோளாகவே வைத்துவிட்டார். மற்ற அடிக்கோள்களிலிருந்து அதை வருவிக்க முடியாது என்பதையும் காட்டினார். கய்யாம் எழுப்பியது போன்ற ஐயம் வீண் ஐயம் அல்ல என்பது இதனால் விளங்கியது.

இந்தியாவுக்கு வந்த வழி

11-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பீரூனி, யூக்ளிடின் நூலை இந்துக்களுக்காக அவர்களது மொழியில் ஆக்கித் தருவதில் ஈடுபட்டிருப்பதாக அந்நூலிலேயே குறிப்பிடுகிறார். அந்தப் பெயர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொரு வழியில். நஸீருத்தீன் தூஸி ஹிஜ்ரி 646-இல் (கி.பி. 1248) யூக்ளிட் நூலைச் செப்பமிட்டு 'தஹ்ரீர் உக்லீதிஸ்' என்ற பெயரில் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெய்ப்பூரை நிறுவிய மன்னர் இரண்டாம் ஜெய்சிங்கின் அவையிலிருந்த ஜகந்நாத சாம்ராட் என்ற பண்டிதர் அதை அரபியிலிருந்து சமஸ்கிருதத்தில் 'ரேகாகணிதம்' என்று 15 பாகங்களாகப் பெயர்த்தார். ஒரு பிராமணப் பண்டிதர் அரபி கற்று, ஒரு முஸ்லிம் அறிஞரின் நூல் வழியாக, ஒரு கிரேக்கரின் கணிதத்தைத் தம் மக்களுக்குத் தந்தார். பல சமயத்தவரும் அண்டை அயலாராக வாழும் திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் உள்ள நாம் இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

ஏறக்குறைய அதே காலத்தில் லக்னோவின் ஃபரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு கி.பி. 1748) வகுத்த 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தில், தூஸியின் தஹ்ரீரிலிருந்து முதல் மகாலா இடம்பெற்றது. ப-கோ-ப, ப-ப-ப, கோ-ப-கோ ஆகிய மூன்றும் அந்த முதல் மகாலாவில்தான் உள்ளன. அதாவது, இன்று பள்ளிப் பிள்ளை படிக்கும் இதே பாடத்தை, ஃபிக்ஹும் ஹதீஸும் கற்ற மாணவர்கள் அன்று மதரஸாவின் பாயில் அமர்ந்து படித்தார்கள். மன்திக் கலையில் 'புர்ஹான்' என்று எதைக் கற்றார்களோ, அதன் உயிருள்ள உதாரணத்தை முக்கோணத்தில் கண்டார்கள்.

வட ஆற்காட்டு மண்ணில்

நம் மாநிலத்திலும் இந்த விதி பெருஞ்செயல் ஒன்றைச் செய்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அந்த ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. அதன் பிறகு ஒவ்வொரு முக்கோணத்தின் பக்கங்களையும் நடந்து அளக்கவில்லை. கோணங்களை மட்டும் அளந்தார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்ற கோ-ப-கோ விதியின் மீது, மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குத் தாவி முக்கோணச் சங்கிலி வளர்ந்தது. மலையில்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே மலையாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது; லாம்டனே அதைச் செப்பனிட்டார்.

இதே அளவைப் பணியில் பின்னர் கருவிகளைக் காத்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த ஸையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன். கல்கத்தாவில் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் பணியாற்றிய இவர், 1843-இல் கணிதக் கருவி வல்லுநர் பதவிக்கு உயர்ந்தார். இமயச் சிகரத்தின் உயரம் 1856-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது இந்த முக்கோணச் சங்கிலியின் நீட்சியாகத்தான். திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே ஆற்காட்டாரான முஹ்ஸின் ஹுஸைன் நமக்கு அந்நியர் அல்லர்.

கிப்லாவின் முக்கோணம்

இனி நமக்கு மிக நெருக்கமான விஷயத்திற்கு வருவோம். வட துருவம், நாம் இருக்கும் ஊர், மக்கா ஆகிய மூன்று புள்ளிகளையும் பூமியின் மீது இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கங்கள் நேர்கோடுகள் அல்ல, கோளத்தின் மீதான வளைகோடுகள்.

திருவண்ணாமலை வட அட்சரேகை 12.2 பாகையில் உள்ளது. ஆகவே துருவத்திலிருந்து அதன் தொலைவு 77.8 பாகை. மக்கா 21.4 பாகையில் உள்ளது, துருவத்திலிருந்து 68.6 பாகை. இரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே 39.2 பாகை. இரண்டு பக்கங்களும் இடைப்பட்ட கோணமும் தெரிந்துவிட்டன. இது ப-கோ-ப அல்லவா! கோளத்திலும் இவ்விதி செல்லும். எனவே இந்த முக்கோணம் ஒன்றே. நம் ஊரிலிருந்து கஅபாவின் திசையும் ஒன்றே. கணக்கிட்டால், அது நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 பாகை சாய்ந்திருக்கிறது.

கோள முக்கோணங்களைப் பற்றிய அடிப்படை நூலைக் கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த மெனலாஸ் எழுதினார். அதன் கிரேக்க மூலம் அழிந்துவிட்டது. அரபு வடிவங்கள் வாயிலாகவே உலகம் அதை அறிகிறது. அல்பீரூனியின் ஆசிரியரான அபூ நஸ்ர் மன்ஸூர் அதைச் செப்பமிட்டவர்களில் ஒருவர். அந்நூலில் ஓர் அதிசயம் உண்டு. தட்டையான தளத்தில் மூன்று கோணங்கள் சமமானால் போதாது என்று மேலே பார்த்தோம். கோளத்தின் மீதோ, அது போதும்! ஒரு தளத்தில் போதாத சான்று மற்றொரு தளத்தில் போதுமானதாகிறது. ஒன்றுக்குரிய தீர்ப்பை ஆராயாமல் மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

'கிப்லா என்றால் மேற்கு' என்ற பேச்சு நம் ஊர்களில் பழகிவிட்டது. புதிய பள்ளிவாசல் கட்டும்போதும், பழையதை விரிவாக்கும்போதும் இதனால் ஜமாஅத்துகளில் பிணக்குகள் எழுவதுண்டு. தொலைவில் இருப்போர் கஅபாவின் திசையை முன்னோக்கினால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கஅபாவையே நாடி முன்னோக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. இவ்விரண்டையும் அறிந்த உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் குரலை உயர்த்துவதால் திசை மாறிவிடாது.

திசையைச் சரிபார்க்க எளிய வழியும் உண்டு. ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களை ஒட்டி, சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. இந்திய நேரப்படி முதலாவது பிற்பகல் 2.48 மணி, இரண்டாவது 2.57 மணி. அந்நேரத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, நிழல் விழும் திசைக்கு நேர் எதிரே பாருங்கள், அதுவே கிப்லா. முக்கோணக் கணக்கு காகிதத்தில் சொன்னதை நிழல் தரையில் சொல்லும்.

படிப்பினை

அன்பிற்குரிய வாசகர்களே! 'பார்த்தாலே தெரிகிறதே' என்பது முக்கோணத்தில் மட்டும் எழும் பேச்சு அல்ல. ஒருவரைப் பற்றிக் காதில் விழுந்த செய்தியைப் பரப்பும்போதும், அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கும்போதும், நிலத் தகராறில் எல்லையைச் சுட்டும்போதும் நாம் சொல்வது இதைத்தான். இரண்டு பக்கங்களும் பொருந்தாத ஒரு கோணமும் ஒத்திருந்ததை வைத்துக்கொண்டு, 'ஆள் இவன்தான்' என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். அதே தரவுக்கு மற்றொரு முக்கோணமும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே உங்கள் பிள்ளை சர்வசம முக்கோணக் கணக்கோடு அமர்ந்திருக்கும்போது, 'இது எதற்கு' என்று நீங்களும் சேர்ந்து சலித்துக்கொள்ளாதீர்கள். அருகில் அமருங்கள். 'இந்த வரி எங்கிருந்து வந்தது? இதற்கு என்ன ஆதாரம்?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். விடையை மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சையோடு அதை மறந்துவிடும். ஆதாரம் கேட்கப் பழகிய பிள்ளை வாழ்நாளெல்லாம் எளிதில் ஏமாறாது. பிறர் மீது ஆதாரமின்றிப் பழியும் சுமத்தாது.

தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் சொல்லும் நேர்மையை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன்.